பதினோராம் எபிசோடில் நான் கண்ட பொய்

இதைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றே என் வயது போயிருக்கிறது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "எழுது, ஆனா பேரு போடாத" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் வராது. நாங்கள் பார்த்த அந்த அனிமேயின் பெயரும் வராது.

விஷயம் ஒரு கையெழுத்து. மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போனுக்குப் பாகங்கள் செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று அவளோடு படித்தவர்கள் நாலு பேர் போய்ப் பெயர் கொடுத்தார்கள். இவளும் கொடுத்துவிட்டு வந்தாள். எங்களிடம் கேட்கவில்லை. கம்பெனி பஸ் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளுமாம். யூனிபார்ம் அவர்களே தருவார்களாம், சாப்பாடும் உண்டாம். பெற்றவர் சம்மதம் என்று ஒரு படிவம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலேஜ் இன்னா ஆச்சு?" என்றேன்.

"கரஸ்ல படிச்சிக்கிறேன்பா. வேலைக்குப் போய்க்கினே எத்தனையோ பேரு படிக்கிறாங்க."

வீட்டிலிருந்து தபால் வழியாகப் படிப்பதைத்தான் கரஸ் என்பார்கள். எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவர்களில் கரஸில் சேர்ந்தவர்கள் உண்டு. முடித்தவரை நான் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சமயம் என் நிலைமையும் அப்படி. பழைய கம்பெனி வேறு ஊருக்குப் போன பிறகு நான் ஒரு சின்ன யூனிட்டில் காண்டிராக்டில் இருக்கிறேன். வேலை இருக்கிற நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் வீட்டில் இருப்பேன். வீட்டில் இருக்கிற நாள் அதிகமாகிக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மனைவியிடம் படிவத்தைக் காட்டினேன். அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை. "நீயே போடு, இல்லாங்காட்டி போடாத. நான் கைய வெச்சா நாளைக்கு என்னியத்தான் சொல்லுவ" என்றாள்.

இது நடந்தது சனிக்கிழமை. மறுநாள் காலையில் பதினோராம் எபிசோடு வந்தது.

அனிமே பார்க்கிற அப்பனா என்று சிரிக்காதீர்கள். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது மகள் போனில் பார்ப்பதை எட்டிப் பார்த்து ஆரம்பித்தது. முதலில் எனக்குப் புரிந்தது சண்டை மட்டும்தான். பிறகு தமிழில் பேச வைத்துப் போட ஆரம்பித்தார்கள். ஜப்பான் பெண் ஒருத்தி "ஐயையோ, பஸ்ஸ விட்டுட்டேனே" என்று நம் ஊர்ப் பெண் மாதிரி புலம்பியதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் நாங்கள் பார்த்தது ஒரு துறைமுக ஊரில் நடக்கிற கதை. பள்ளிக்கூட பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிற ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு எபிசோடு வரும். நான் கறி வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, கை கழுவிவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். "பொம்ம படத்துக்கு இன்னா ஒரு பவ்யம்" என்று மனைவி சமையல்கட்டிலிருந்து கிண்டல் செய்வாள்.

அந்தத் தொடரை நான் நம்பினேன். அதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது எபிசோடில் அந்தப் பெண் ஊதி முடித்ததும் டிரம்பெட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த எச்சில் தண்ணீரைக் கீழே ஊற்றுவாள். அழகான பெண்ணை வரைகிறவன் எச்சிலை ஏன் வரைய வேண்டும்? உண்மையாக வேலையைப் பார்த்தவன்தான் வரைவான். அதேபோல் அவள் உதட்டில் வட்டமாக ஒரு தழும்பு போட்டிருந்தார்கள். எபிசோடு போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. இப்படிக் கையையும் உடம்பையும் கவனித்து வரைகிற ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மகள் இருக்கிற ஒரு குரூப் போனில் உண்டு. இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் இருப்பார்கள். எபிசோடு முடிந்ததும் ஆளாளுக்குக் குரலில் பேசி அனுப்புவார்கள். மூன்றாவது எபிசோடில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றுகிற காட்சி வந்தது. கழற்றுகிறவன் ஸ்பானரைத் தப்பான பக்கம் திருப்பினான். அப்படித் திருப்பினால் நட்டு இறுகும், கழலாது. நான் சத்தம் போட்டேன். மகள் சிரித்துக்கொண்டே என் சத்தத்தை அப்படியே பதிந்து அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து நான் அந்தக் குரூப்பில் மெஷின் அங்கிள். வாராவாரம் என் கருத்து வராவிட்டால் கேட்பார்கள். எஸ்டேட்டில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

பதினோராம் எபிசோடுக்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணின் அப்பா படகிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிடுகிறார். பெண் படிப்பை விட்டுவிட்டு மீனை டப்பாவில் அடைக்கிற ஆலைக்குப் போக முடிவு செய்கிறாள். டிரம்பெட்டைப் பள்ளியில் திருப்பிக் கொடுக்கிறாள். வெளியே வரும்போது கேட் வரைக்கும் பேண்டு குழு இரண்டு வரிசையாக நின்று அவளுக்காக வாசிக்கிறது. மரத்திலிருந்து பூ கொட்டுகிறது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்த காட்சியில் ஆலை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. முதல் நாளே அவள் கை மின்னல் மாதிரி ஓடுகிறது. வயதான பெண்கள் கை தட்டுகிறார்கள். வீட்டுக்கு வருகிறாள். படுத்திருக்கும் அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு "நன்றி, மகளே" என்கிறார். பாட்டு. முடிந்தது.

மகள் அழுதுகொண்டிருந்தாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செம எபிசோடுல்லபா" என்றாள்.

டிவிக்குப் பக்கத்தில் அந்தப் படிவம் இருந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். குரூப்பில் நான் அனுப்பியதிலேயே நீளமானது அதுதான். மறுபடி கேட்டுப் பார்த்து எழுதுகிறேன்:

"பசங்களா, இந்த எபிசோடு எனக்குப் புடிக்கல. இத்தினி நாளு நல்லா எடுத்தவன் இன்னிக்கு ஏமாத்திட்டான். மொதோ நாளு வேலைக்குப் போனவளுக்குக் கை அப்பிடி ஓடாது. கை நடுங்கும், அடுத்தவங்க திட்டுவாங்க. காலக் காட்டுனானா பாத்தீங்களா? நாள் முச்சூடும் நின்னா கால் வீங்கும், செருப்பு ஏறாது. எச்சியக் காட்டுனவனுக்குக் காலக் காட்டத் தெரியாதா? மீன் வாட கீது. ஊட்டுக்குப் போற வழில பக்கத்துல இருக்கறவங்க நவுந்து குந்துவாங்க, அதக் காட்டல. பள்ளிக்கூடத்த விட்டு வர்றப்ப எவனும் பேண்டு வாசிக்க மாட்டான். எல்லாம் கிளாஸ்ல இருப்பாங்க. டிசி வாங்கிகினு நீ ஒண்டியாத்தான் வரணும். அந்த அப்பங்காரன் நன்றிங்கிறானே, எந்த அப்பன் சொல்லுவான்? பொண்ணு மூஞ்சப் பாக்க முடியாம செவுத்துப் பக்கம் திரும்பிக்குவான். அந்தப் பொண்ணுக்கு அப்பன் மேல ஒரு கோவம் கூட வரல. அது எப்பிடி வராம இருக்கும்? பூவக் கொட்டிப் பாட்டப் போட்டு மூடிட்டான். இது பொய்."

அனுப்பிவிட்டு நின்றேன். வெயில் ஏறியிருந்தது. போன் அதிர ஆரம்பித்தது.

"அங்கிள் இன்னிக்கு செம காண்டுல கீறாரு."

"மீன் ஃபேக்டரில எக்ஸ்பீரியன்ஸ் கீதா அங்கிள்?"

"அங்கிள், அது அனிமே. எங்க ஸ்கூல் வாத்தியார் மாதிரி மார்க் போடாதீங்க."

ஒரு பையன் மட்டும், கால் விஷயம் சரிதான், எங்க அம்மாவுக்கு அப்படித்தான் வீங்கும் என்று அனுப்பினான். அதற்குக் கீழே ஒரு பெண் எழுதினாள். "அங்கிள், அக்கா உங்களப் பத்தி எழுதினதப் படிக்கலையா? அந்த ஹீரோயின் உங்கள மாதிரியேன்னு போட்டிருந்தாங்க. நீங்களே பொய்னு சொல்றீங்க."

அக்கா என்று அவள் சொன்னது என் மகளை. நான் மேலே தள்ளித் தள்ளிப் போனேன். நான்கு நாளுக்கு முன்னால், படிவம் வருவதற்கும் முன்னால், இந்தப் பதினோராம் எபிசோடின் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு மகள் எழுதியிருந்தாள். நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"இவ படிப்ப விடப்போறா, பாருங்க. எங்கப்பா இதேதான் பண்ணாரு. எங்க தாத்தா விழுந்தப்போ ஒன்பதாவதுல நின்னுட்டு வேலைக்குப் போனாரு. முதல் நாளே மெஷின் ஓட்டினாரு. அப்புறம் எனக்காக ஒரு தடவ விட்டுக் குடுத்தாரு. கம்பெனி தூரமா மாறினப்போ, என்னயும் அம்மாவயும் விட்டு அவ்ளோ தூரம் போகமாட்டேன்னு நல்ல வேலைய வேணாம்னுட்டாரு. அதனாலதான் இப்ப கஷ்டப்படறாரு. இப்ப என் முறை."

அதற்குக் கீழே முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். பிள்ளைகளே, அந்த எபிசோடை வரைந்தவனை நான் திட்டினேன். மகளுக்கு அதே எபிசோடைப் பத்து வருடமாகப் போட்டுக் காட்டியவன் நான்.

அவள் சின்ன வயதில் சாப்பிட அடம் பிடிக்கும்போது ஆரம்பித்தது. அப்பா உன் வயதில் எப்படி இருந்தேன் தெரியுமா என்று ஒரு கதை. அப்பா ஒன்பதாவது படிக்கும்போது தாத்தா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், மறுநாளே அப்பா வேலைக்குப் போனேன், முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார், முதல் சம்பளத்தில் அத்தைக்குக் கவுன் வாங்கினேன். கேட்கக் கேட்க அவள் கண் விரியும். கண் விரிய விரிய நான் இன்னும் கொஞ்சம் சேர்ப்பேன். கவுனுக்கு நிறம் கூட ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கும். அவள் மட்டும் மறக்கவில்லை.

நான் சேர்த்தது பெரிய தவறில்லை. விட்டதுதான் தவறு.

என் அப்பா விழுந்தது உண்மை. நான் பள்ளியை விட்டதும் உண்மை. ஆனால் நான் முடிவு செய்யவில்லை. என்னைக் கேட்காமலே என் அப்பா தெரிந்தவரிடம் எனக்கு வேலை சொல்லிவிட்டார், காலையில் ஒருவர் வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு வருடம் நான் அவரிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தங்கையிடம் சொல்லிக் கேட்பார். முதல் நாள் நான் மெஷினைத் தொடவே இல்லை. தரையில் கிடந்த இரும்புப் பிசிறைக் கூட்டினேன். எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் என் வகுப்புப் பையன்கள் நின்றால் நான் சுற்றுவழியில் போவேன். இதையெல்லாம் மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இதைவிட மோசமானது அவள் எழுதிய இரண்டாவது விஷயம். அவளையும் அம்மாவையும் விட்டுப் போக மாட்டேன் என்று நான் நல்ல வேலையை வேண்டாம் என்றதாக எழுதியிருந்தாளே, அது.

அதில் ஒரு வார்த்தை கூட உண்மை இல்லை.

டிரில்லிங்கில் நான் கை சுத்தமானவன். ஆனால் டிராயிங் பார்த்து வேலை செய்யக் கற்றதில்லை. முன்பே செய்து வைத்த ஒரு ஜாப்பை, அதாவது மாதிரித் துண்டை, கையில் கொடுத்தால் போதும், அதே போல் ஆயிரம் போட்டுக் கொடுப்பேன். பேப்பரை நீட்டினால், "கண்ணாடி கொண்டாரல, நீ படி" என்று யாரிடமாவது தள்ளிவிடுவேன். இருபது வருடம் அந்தக் கண்ணாடிச் சாக்கிலேயே ஓட்டினேன். எண்கள் புரியும். படம் ஓரளவு புரியும். எங்கள் ஊர் டிராயிங்கில் ஒரு பழக்கம் உண்டு. பொருளை இடது பக்கமிருந்து பார்த்தால் தெரிவதை வலது பக்கம் வரைந்திருப்பார்கள். பார்த்துப் பார்த்து அது மட்டும் எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் புதிதாக ஜப்பான் கம்பெனி ஒன்றின் ஆர்டர் வந்தது. ஒரு பிராக்கெட், ஒரு பக்கம் மட்டும் இரண்டு ஓட்டை. மாதிரி ஜாப் இல்லை. சூப்பர்வைசர் லீவு. மேனேஜர் டிராயிங்கை நீட்டி, "பார்த்துப் போட்டுடுவ இல்ல?" என்றார். ஜப்பான் என்று கேட்டதும் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. வாராவாரம் நான் பார்க்கிற ஊர். "போட்டுடலாம் சார்" என்றேன். எங்கள் ஊர்ப் பழக்கத்திலேயே படித்து, ஓட்டை விழும் இடத்தைக் காட்டுகிற ஜிக்கை மாட்டி ஷிப்ட் முழுக்கப் போட்டேன்.

ஜப்பான்காரர்கள் தேர்ட் ஆங்கிள் என்று வேறு மாதிரி வரைகிறார்கள். வலது பக்கமிருந்து பார்ப்பதை வலது பக்கமே வரைவார்கள். இன்ன முறை என்று சொல்ல டிராயிங்கின் மூலையில் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்ன அடையாளம் இருக்கும். எனக்கு அது என்னவென்றே தெரியாது, கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். நான் போட்ட அத்தனை ஓட்டையும் எதிர்ப்பக்கம். முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் இடம் மாறி இருந்தது.

கண்டுபிடித்தது டிப்ளமா முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பாள். ஒரு ஜாப்பை எடுத்துப் பார்த்தாள், டிராயிங்கைப் பார்த்தாள், மெதுவாக என் பக்கம் வந்து, "அண்ணா, இது தேர்ட் ஆங்கிள்ணா" என்றாள்.

"கண்ணாடி கொண்டாரலம்மா" என்றேன்.

கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. அவள் பார்த்தாள். டிராயிங் மூலையில் இருந்த அந்த அடையாளத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு என்னைப் பிசிறு தேய்க்கிற மேஜைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் கம்பெனி தூரத்துக்கு மாறியது. கூட வரலாம் என்று போட்ட பட்டியலில் என் பெயர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, "அவ்ளோ தூரம் யாரு போவா, உங்கள வுட்டு நான் போமாட்டேன்னுட்டேன்" என்றேன். மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் பொய்யைத் திருத்தவில்லை. இப்போது அதற்குக் கைம்மாறாக அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறப் போகிறாள்.

ஞாயிறும் திங்களும் என்னால் பேச முடியவில்லை. அவளும் பேசவில்லை, என் குரல் பதிவு அவளைச் சுட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் க்ளிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பாவோடு பேசாமல் இருந்ததை, பிசிறு கூட்டியதை, கூம்பை, சட்டைப்பைக் கண்ணாடியை, பட்டியலை. வரிசையாகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் ஒரு போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்போ நீ வேணான்னு சொல்லல."

"இல்ல."

"அவங்கதான் உன்ன வேணான்னாங்க."

"ஆமா பாப்பா."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "இத்தினி நாளு அந்தக் கதையச் சொல்லி என் ஃப்ரெண்ட்ஸ் கிட்டல்லாம் சீன் போட்டேன்பா" என்றாள். பிறகு, "இப்ப மட்டும் இன்னாத்துக்குச் சொல்ற?" என்று கேட்டாள்.

"நீ அந்த வேலைக்குப் போவக்கூடாதுன்னுதான்."

"அதான் பாத்தேன்." போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "மொதல்ல ஒரு எபிசோடு காட்டுன, நான் வேலைக்குப் போறேன்னு கெளம்பினேன். இப்போ சோகமா வேற ஒண்ணு காட்ற, நான் அழுதுட்டு காலேஜுக்குப் போணும். ரெண்டும் நீ எடுத்த படந்தானே? அதுல நான் எங்க கீறேன்?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். நான் குரூப்பில் அத்தனை குறை சொன்னேனே. கை, கால், மீன் வாடை, பூ, அப்பன் கண்ணீர். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. எபிசோடு எடுத்தவனும் கேட்கவில்லை. பார்த்தவனும் கேட்கவில்லை.

புதன்கிழமை எனக்கு வேலை இருந்தது. கை என்னவோ ஓடியது, மனசு ஓடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். மனைவி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"உனக்கு இன்னா வேணும்? எனக்காவ வேணாம். அம்மாவுக்காவ வேணாம்."

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு, "தெரியலபா" என்றாள்.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

"அந்த நாலு பேரும் போறாங்க. அவங்களோட அந்த பஸ்ல போணும்னு ஆசையா கீது. யூனிபார்ம் நல்லா கீது. உனக்காகன்னு சொன்னேன், ஆனா உனக்காக மட்டும் இல்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "காலேஜுக்கும் ஆசையா கீது. எல்லாரும் தனித்தனியாப் போய்டுவாங்களோன்னு பயம்மாவும் கீது. இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பியோன்னுதான் சொல்லல."

"காரணந்தான்" என்று மனைவி சொன்னாள். "சிநேகிதிங்களோட போறது காரணம் இல்லாம இன்னா."

எனக்கு அப்போது வந்த உணர்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து நாளாக நான் ஒரு தியாகத்தைத் தடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தது தியாகமே இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தோழிகளோடு ஜன்னல் சீட்டில் போக ஆசைப்படுகிறாள். தியாகம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆசையை எதைச் சொல்லித் தடுப்பது? ஆனால் அந்த ஆலையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அது மாறவில்லை.

அதை மட்டும் சொன்னேன். பயமுறுத்துவதற்காக இல்லாமல், தெரிந்ததைத் தெரிந்தபடி. நின்றால் கால் என்ன ஆகும், ஷிப்ட் மாறினால் தூக்கம் என்ன ஆகும், படித்த ஒருத்தி பேப்பரைப் பார்க்கும் விதம் என்ன, படிக்காத நான் பார்க்கும் விதம் என்ன. அவள் நடுவில் குறுக்கிட்டு, அங்கே உட்கார்ந்து செய்கிற வேலையும் இருக்கிறதாம் என்றாள். இருக்கலாம் என்றேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன். அப்புறம் காலேஜுக்கும் விண்ணப்பம் போடு, இதற்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன், ரிசல்ட் வந்த பிறகு நீயே எதில் வேண்டுமானாலும் போ என்றேன்.

"நெஜமா போடுவியா?"

"போடறேன்."

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடி மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். பெயர், முகவரி, படிப்பு. அதற்குக் கீழே, வேலையில் சேரக் காரணம் என்று ஒரு கட்டம். அவள் அதில் 'குடும்ப சூழ்நிலை' என்று எழுதியிருந்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டதைப் பார்த்து அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தாள். வேறு ஒன்றும் எழுதவில்லை.

"காலியா வுட்டா எடுத்துப்பாங்களாபா?"

"தெரியல. குடுத்துப் பாரு."

கையெழுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள், யாரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லையாம். காலேஜ் விண்ணப்பத்தையும் அவளே போனில் நிரப்பிப் போட்டாள். ரிசல்ட் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தினமும் வீட்டுக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் முடிவு செய்தாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள், அது அவள் பதிலாக இருக்காது. அதனால் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வேறு எதையாவது பேசுகிறேன்.